ஒரே உதை, இரண்டு தீர்ப்பு

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை சாயங்காலம். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. நாங்கள் நாலு பேர், ஒரு செல்போன், இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆர்சனல்–பிரைட்டன் கால்பந்து ஆட்டம். இடைவேளை முடிந்து நாலு நிமிடம் ஆகியிருக்கும். பிரைட்டனுக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்து உருண்டு ஆர்சனலின் டெக்லன் ரைஸ் பக்கம் வருகிறது. அவர் நுனிக்காலால் அதை லேசாகத் தள்ளிவிடுகிறார். உதைக்க வந்த யோயல் வெல்ட்மனின் கால் ரைஸின் காலில் போய் விழுகிறது. நடுவர் கிறிஸ் கவனா பைக்குள் கையை விட்டு மஞ்சள் அட்டையை எடுக்கிறார். ரைஸுக்கு அது இரண்டாவது. அப்படியென்றால் சிவப்பு, ஆட்டத்தை விட்டே வெளியே.

பெஞ்சில் முதலில் கிளம்பிய சத்தம் ரைஸைப் பற்றியது இல்லை. "ஏல, முதல் பாதில அந்தப் பெட்ரோ பந்தைத் தூக்கி அடிச்சாம்லா, அதுக்கு என்ன குடுத்தான்?" என்றுதான் ஒருவன் கேட்டான். உண்மைதான். முதல் பாதியில் பிரைட்டனின் ஜோவாவ் பெட்ரோ, வெளியே போன பந்தை இன்னும் தூரமாக உதைத்துவிட்டிருந்தார். அதற்கு அட்டை வரவில்லை. ரைஸ் வெளியேறிய கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தைச் சமன் செய்த கோலை அடித்ததும் அதே பெட்ரோ. 1–1.

மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 22 ஞாயிறு ராத்திரி, மான்செஸ்டர் சிட்டியுடன் ஆட்டம். முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் ஆர்சனலின் லியாண்ட்ரோ ட்ரோசார்ட் ஒரு ஃபவுல் செய்துவிட்டுப் பந்தைத் தூரமாக அடிக்கிறார். நடுவர் மைக்கேல் ஆலிவர் இரண்டாவது மஞ்சளைக் காட்டி அனுப்பிவிட்டார். அதே ஆட்டத்தில் அதற்கு முன்னால் சிட்டியின் ஜெரமி டோகுவும் பந்தைத் தள்ளி அடித்திருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. பத்துப் பேரை வைத்து 2–1 என்று தாக்குப்பிடித்த ஆர்சனல், 98-வது நிமிடத்தில் ஜான் ஸ்டோன்ஸிடம் கோல் வாங்கி இரண்டு புள்ளியைத் தொலைத்தது.

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். நடுவர்கள் மேல் எழும் கோபத்தில் பெரும்பங்கு இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். தப்பான முடிவை ரசிகன் ஒரு மாதத்தில் மறந்துவிடுவான். ஒரே காரியத்துக்கு ஒருத்தனுக்கு ஒன்று, இன்னொருத்தனுக்கு வேறொன்று என்றால் அது ஆறாது. பயிற்சியாளர்கள் வாயைத் திறந்து மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான் இந்தப் பக்கம் உள்ளூர்ப் போட்டிகளில் விசில் ஊதுகிறவன். அதனால் எனக்கு இது டிவியை அணைத்தால் முடிந்துபோகிற விஷயம் இல்லை.

ரைஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம். எதிரணி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவதைத் தாமதப்படுத்தினால் மஞ்சள் அட்டை என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆக ரைஸுக்கும் ட்ரோசார்டுக்கும் கொடுத்ததைத் தப்பு என்று சொல்ல முடியாது. பெட்ரோவுக்கும் டோகுவுக்கும் ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் கேள்வி, அதற்குப் போய் முறையிட இடமே கிடையாது. நேரடிச் சிவப்பு அட்டை தவறு என்றால் இங்கிலாந்தில் கிளப் மேல்முறையீடு செய்யலாம். 2025 ஜனவரியில் வுல்வ்ஸுடன் ஆடியபோது ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி வாங்கிய சிவப்பு அட்டை அப்படித்தான் ரத்தானது. இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு அந்த வழி இல்லை. வீடியோ நடுவரும் அன்றைக்கு இருந்த விதிப்படி அதைத் தொட முடியாது. ரைஸ் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்தார். அடுத்த ஆட்டம் எது? டாட்டன்ஹாமுடன், அவர்கள் வருடம் முழுக்கக் காத்திருக்கிற ஆட்டம்.

சரி, ஒரே சட்டத்தைப் படித்த நடுவர்களிடமிருந்து இப்படி வேறுவேறு முடிவு எப்படி வருகிறது?

கால்பந்தின் சட்டங்களை எழுதுவது ஃபிஃபா என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எழுதுவது 1886-இல் தொடங்கிய ஐஃபாப் என்ற வாரியம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நாலு ஓட்டு. எட்டில் ஆறு விழுந்தால்தான் ஒரு சட்டம் மாறும். மொத்தமே 17 சட்டங்கள். கிரிக்கெட் விதிகளைப் பார்த்த கண்ணுக்கு இது ரொம்பச் சின்னப் புத்தகம். சின்னதாக இருப்பதற்குக் காரணம், பல இடங்களில் அளவைச் சொல்லாமல் நடுவரின் அபிப்பிராயத்துக்கு விட்டிருப்பதுதான். பந்தைப் பறிக்கப் போகிற டேக்கிள் கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக்கோடு சரி. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலம் என்றால் சிவப்பு. இந்த மூன்றுக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ரன் அவுட்டுக்குக் கிரீஸ் இருக்கிறது. பேட் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று பார்த்தால் முடிந்தது. ஃபவுலுக்குக் கிரீஸ் கிடையாது.

ஹேண்ட் பால் இதைவிட மோசம். உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கும்படி கை இருந்ததா என்பதுதான் இப்போதைய கேள்வி. 2019-இல் ஒரு திருத்தம் வந்தது: கோலுக்கு முன்னால் தாக்குகிற அணிக்காரன் கையில் தெரியாமல் பட்டாலும் கோல் செல்லாது. அது சரிப்படவில்லை என்று 2021-இல், தெரியாமல் பட்டது கோல் அடித்தவன் கையாக இல்லாமல் கூட்டாளியின் கையாக இருந்தால் குற்றமில்லை என்று மாற்றினார்கள். இரண்டு வருட இடைவெளியில் ஒரே கை ஒரு சீசனில் குற்றம், இன்னொரு சீசனில் குற்றமில்லை. பார்க்கிறவனுக்கு எது நினைவில் இருக்கும்?

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட மணலில்தான் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

கூடங்குளம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு ஊர். கோயில் திருவிழாவை ஒட்டிய போட்டி. மைதானம் என்பது தேரி மண் திடல். கோல் கம்பம் சவுக்குக் கழி. பின்னால் கட்டியிருந்தது பழைய மீன்வலை. கிழிந்த இடங்களில் வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள். கோடுகளைச் சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள், கடல் காற்றில் இடைவேளைக்குள் பாதி அழிந்துவிட்டது. பெனால்ட்டி பெட்டியின் கோடு எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டுவார்கள்.

முதல் பாதியில் ஒரு பையன் கையில் பந்து பட்டது. இரண்டு அடி தூரத்திலிருந்து வந்த அடி, கை இடுப்போடு ஒட்டி இருந்தது. விட்டுவிட்டேன். இரண்டாம் பாதியில் எதிரணிப் பையன் தலையால் எடுக்கக் குதித்தான். கை தோளுக்கு மேலே விரிந்திருந்தது, பந்து முழங்கைக்குக் கீழே பட்டது. பெனால்ட்டி கொடுத்தேன். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். என் மனதில் இரண்டும் வேறு வேறு சம்பவங்கள். சுற்றி நின்ற ஊருக்கு இரண்டும் ஒன்று: கையில் பந்து.

தோற்ற அணியின் கோச் அறுபது வயதை ஒட்டிய அண்ணாச்சி. கத்தவில்லை, திட்டவில்லை. கோட்டு ஓரமாக வந்து, வலை இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "தம்பி, எந்தக் கை கை, எந்தக் கை கை இல்ல? அதை மட்டும் சொல்லுங்க. நான் பயலுகளுக்குச் சொல்லணும்லா."

"ஆட்டம் முடியட்டும் அண்ணாச்சி" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. நானும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் சட்டப்படிதான் நடந்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் இரண்டாவது விசிலை ஊதும்போது கூட்டத்தின் சத்தம் என் காதில் விழவே இல்லையா? அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆலன் நெவில் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 40 நடுவர்களுக்கு லிவர்பூல்–லெஸ்டர் ஆட்டம் ஒன்றின் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு மைதானச் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தைக் கேட்டுப் பார்த்தவர்கள், உள்ளூர் அணியான லிவர்பூலுக்கு எதிராக மற்றவர்களைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவான ஃபவுல்களையே கொடுத்தார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வு இது. அப்புறம் கொரோனா காலத்தில் உலகமே இதைக் கண்ணால் பார்த்தது: காலி மைதானத்தில் ஆடியபோது வெளியூர் அணிகளுக்கு வழக்கமாக வருகிற கூடுதல் மஞ்சள் அட்டைகள் குறைந்துபோயின. யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஊரே சேர்ந்து "ஏய்ய்" என்று கத்தும்போது மனுஷன் கை ஒரு நொடி தயங்குகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, முன்னால் கொடுத்த முடிவு அடுத்த முடிவைத் தொந்தரவு செய்வது. ஹென்னிங் பிளெஸ்னர், டில்மன் பெட்ஷ் என்ற இரண்டு ஜெர்மானிய உளவியலாளர்கள் 2001-இல் இதை ஆராய்ந்தார்கள். ஒரு அணிக்கு ஏற்கெனவே ஒரு பெனால்ட்டி கொடுத்திருந்தால், அதே அணிக்கு இரண்டாவதைக் கொடுக்க நடுவர் யோசிக்கிறார். எதிரணிக்குக் கொடுப்பது அதைவிட எளிதாக வந்துவிடுகிறது. வியாபாரத்தில் அவருக்கும் நஷ்டம் வேண்டாம் இவருக்கும் நஷ்டம் வேண்டாம் என்று பார்க்கிற மாதிரி. நடுவர்கள் இதை ஆட்டத்தைக் கையாளுவது என்பார்கள். முதல் பத்து நிமிடத்தில் யாருக்கும் அட்டை கொடுக்காமல் வாயால் எச்சரித்து விடுவதும் அதில் சேரும். அது நல்ல நடுவரின் அடையாளம் என்றே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் தப்பித்தவன் செய்ததையே எழுபதாவது நிமிடத்தில் செய்து மாட்டுகிறவன் எந்த அணிக்காரனோ, அந்தக் கோச்சுக்கு அது அநியாயமாகத்தானே தெரியும்?

எழுதிவைத்துவிட்டு அமல்படுத்தாமல் விட்ட சட்டமும் உண்டு. கோல்கீப்பர் பந்தைக் கையில் ஆறு நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு முதல் இருந்தது. பத்து நொடி, பதினைந்து நொடி என்று வைத்திருந்தாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. எப்போதாவது ஒரு நடுவர் அதற்கு விசில் அடித்தால் உலகமே அவரைத் திட்டியது. சட்டத்தைப் பின்பற்றியவர்தான் வித்தியாசமானவராகத் தெரிந்தார். கடைசியில் 2025–26 சீசனில் இருந்து அதை எட்டு நொடி ஆக்கி, தண்டனையைக் கார்னர் கிக்காகக் குறைத்து, கடைசி ஐந்து நொடியை நடுவர் விரல் விட்டு எண்ணிக் காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். எண்ணிக் காட்டும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். இந்தச் சின்ன மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த எல்லாச் சிக்கலுக்கும் மருந்தாகத்தான் வி.ஏ.ஆர். என்கிற வீடியோ நடுவர் முறை வந்தது. 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் பயன்படுத்தினார்கள், 2019–20-இல் பிரீமியர் லீக்கில் நுழைந்தது. கோல், பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிக் கொடுத்த அட்டை என்று நாலே விஷயத்தில்தான் தலையிடலாம் என்று தொடங்கினார்கள். அதிலும் தெளிவான, வெளிப்படையான பிழையாக இருந்தால் மட்டும். சிக்கல் அந்தச் சொற்களில்தான். முன்னால் ஒரு நடுவரின் அபிப்பிராயம் மட்டும் இருந்தது. இப்போது, அவர் அபிப்பிராயம் போதுமான அளவுக்குத் தப்பா என்று இன்னொருவரின் அபிப்பிராயம் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை ஒரு அறையில் இருப்பவர் தலையிடுகிறார், அடுத்த சனிக்கிழமை அதே மாதிரிச் சம்பவத்துக்கு வேறொருவர் தலையிடாமல் விடுகிறார்.

ஸ்லோ மோஷனும் நம்பகமான சாட்சி இல்லை. ஒரே டேக்கிளை மெதுவாகப் போட்டுக் காட்டினால் நடுவர்கள் கடுமையான தண்டனை கொடுக்கிறார்கள் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மெதுவாகப் பார்க்கும்போது, அடித்தவன் யோசித்து வேண்டுமென்றே அடித்த மாதிரித் தெரியும். பந்து உதைக்கப்படும்போது எதிரணியின் கடைசிக் காவல்காரரைத் தாண்டி நிற்கிற ஆஃப்சைடில் மட்டும் அளவுகோல் இருக்கிறது, அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் ஓடும் ஆள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அப்படியிருக்க அக்குளுக்கும் முழங்காலுக்கும் கோடு போட்டு இரண்டு சென்டிமீட்டருக்குச் சண்டை போட்டோம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் 12 கேமராவும், நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பும் கருவி வைத்த பந்தும் வந்தபிறகு அந்தச் சண்டை ஓரளவு ஓய்ந்தது. 2025 ஏப்ரலில் பிரீமியர் லீக்கும் பாதி தானியங்கி ஆஃப்சைடு முறைக்கு மாறியது. அளக்க முடிந்ததை அளந்துவிட்டார்கள். அளக்க முடியாதது அப்படியே நிற்கிறது.

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்–லிவர்பூல். இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார். உதவி நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார், ஆஃப்சைடு. வீடியோ அறையில் டேரன் இங்கிலாந்து என்ற பெயருள்ள நடுவர். கோடு போட்டுப் பார்த்ததில் டியாஸ் ஆன்சைடு, நன்றாகவே ஆன்சைடு. ஆனால் களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே அவர் பார்த்திருக்கிறார். அதனால் "பரிசோதனை முடிந்தது" என்றுவிட்டார். களத்தில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம்: ஆஃப்சைடு சரி. ஆட்டம் தொடங்கிவிட்டது. ரீப்ளே போடுகிறவர் தவறைக் கண்டுபிடித்து அறையிலேயே சொல்கிறார். ஆனால் ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டால் பின்னால் போக முடியாது என்பது விதி. மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாமல், அறையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்து ஆட்டம் நடந்தது. இரண்டு பேர் சிவப்பு வாங்கி ஒன்பது பேராகிவிட்ட லிவர்பூல், கடைசி நிமிடங்களில் சொந்தக் கோலில் 2–1 தோற்றது. மூன்று நாள் கழித்து அந்த அறையின் பேச்சை ஒலிப்பதிவாகவே வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஒரு மனிதன் கையில் இருந்து நழுவிப்போன பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்போது லிவர்பூல் மேனேஜர் யுர்கன் கிளாப் மறு ஆட்டம் வேண்டும் என்றார். மறு ஆட்டம் கிடைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நடந்தது அபிப்பிராய பேதம் இல்லை, பேச்சுக் குளறுபடி; இப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை என்ற வாதத்தை நிதானமாகவே வைத்தார். அதே கிளாப், ஐந்து மாதம் முன்னால் ஏப்ரல் 30 அன்று, அதே டாட்டன்ஹாமை 4–3 என்று வென்ற ஆட்டத்தில் கடைசி நிமிடக் கோலுக்கு நாலாவது நடுவர் முகத்துக்கு முன்னால் ஓடிப்போய்க் கொண்டாடித் தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நடுவர் பால் டியர்னிக்குத் தன் அணி மேல் ஏதோ இருக்கிறது என்கிற மாதிரிப் பேசினார். 75,000 பவுண்டு அபராதம், இரண்டு ஆட்டத் தடை, அதில் ஒன்று நிறுத்திவைப்பு. ஒரே மனிதர், இரண்டு குரல். முதலாவது நடைமுறையைக் கேட்டது, மற்றது ஆளின் நேர்மையைத் தொட்டது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் கோடு போடுவதும் ஏறக்குறைய அங்கேதான். முடிவு தப்பு என்று சொல்லலாம். நடுவர் ஓரவஞ்சகன் என்று சொல்லக் கூடாது.

இந்தக் கோட்டைத் தாண்டிய பயிற்சியாளர்கள் பட்டியல் பெரியது. அலெக்ஸ் ஃபெர்குசன் 2011 மார்ச்சில் செல்சியிடம் தோற்றபின் மார்ட்டின் அட்கின்சனைப் பற்றிப் பேசி ஐந்து ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் வாங்கினார். ஆர்சென் வெங்கர் 2017-இன் கடைசி நாளில் வெஸ்ட் பிராம்விச்சில் கொடுத்த பெனால்ட்டிக்காக நடுவர் மைக் டீனின் அறைக்கே போய்ச் சண்டை போட்டு மூன்று ஆட்டம் உட்கார்ந்தார். ஜோசே மொரீன்யோ 2023 யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் தோற்றபிறகு புடாபெஸ்ட் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஆண்டனி டெய்லரை வழிமறித்துத் திட்டினார், நாலு ஆட்டம். இதே மொரீன்யோதான் 2014-இல் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றுவிட்டு, நான் பேசாமல் இருப்பதே நல்லது, பேசினால் பெரிய சிக்கலில் மாட்டுவேன் என்றவர். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், யாரையும் எதுவும் சொல்லவும் இல்லை.

இவர்களெல்லாம் கோபக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோற்ற அன்று நடுவரைப் பற்றி ஒரு வார்த்தை விட்டால், மறுநாள் பத்திரிகை முழுக்க அதுதான். பெனால்ட்டியைக் கோட்டைவிட்ட இருபது வயதுப் பையன் பெயர் ஆறாவது பத்தியில் போய்விடும். அது ஒரு கேடயம். அடுத்த வாரம் வரப்போகிற நடுவர் மனதில் ஒரு சின்னப் பாரத்தை ஏற்றிவைப்பது இன்னொன்று. இங்கிலாந்தில் ஆட்டத்துக்கு முன்னால் அன்றைய நடுவரைப் பற்றிப் பேசவே கூடாது என்று தடை வைத்ததற்கு இதுதான் காரணம். மூன்றாவது, உண்மையான வலி. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் வேலை போகும். அந்த மூன்றில் ஒன்று இன்னொருவர் கண் தவறியதால் என்றால், யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆர்சனல் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டெட்டா விஷயம் இதில் தனி. 2023 நவம்பர் 4, நியூகாசிலில் ஆண்டனி கோர்டன் அடித்த கோலை வீடியோ அறை மூன்று விதமாகப் பார்த்தது. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டதா? ஜோலிண்டன் கேப்ரியலைப் பிடித்துத் தள்ளினாரா? கோர்டன் ஆஃப்சைடா? மூன்றிலும் கோலை ரத்து செய்யப் போதுமான ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆர்சனல் 1–0 தோற்றது. ஆர்டெட்டா வெளியே வந்து, இது வெட்கக்கேடு என்றார். சங்கம் வழக்குப் போட்டது. தனி ஆணையம் விசாரித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டுவிட்டது. அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருக்கமான ஸ்பானியச் சொல்லுக்குத் துரதிர்ஷ்டம் என்று பொருள் என்பதும் விசாரணையில் வந்தது. பயிற்சியாளர்களைத் தண்டிக்கிற இடத்திலும் ஒரே அளவுகோல் இல்லை என்று கிளாப் ரசிகர்கள் அப்போது கேட்டால், அதற்கும் பதில் கிடையாது.

மன்னிப்பு வாங்கியவரும் உண்டு. அதே 2023-இல் வுல்வ்ஸ் மேனேஜர் கேரி ஓ'நீல், தன் முதல் லீக் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ஓனானா தன் ஆள் மேல் வந்து மோதியதற்குப் பெனால்ட்டி கேட்டு மஞ்சள் அட்டை வாங்கினார். ஆட்டம் முடிந்ததும் நடுவர் அமைப்பின் அதிகாரி ஜான் மாஸ் நேரில் வந்து, அது பெனால்ட்டிதான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். புள்ளி வரவில்லை. ஓ'நீலின் மஞ்சள் அட்டையும் கணக்கில் இருந்தது. அடுத்த வருடம் வுல்வ்ஸ் கிளப் வி.ஏ.ஆரையே ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. 2024 ஜூன் 6 அன்று ஓட்டெடுத்தார்கள்: 19 கிளப் எதிர்ப்பு, ஆதரவு வுல்வ்ஸ் மட்டும். வாரா வாரம் புலம்புகிற கிளப்புகள்கூட மருந்தை விடத் தயாராக இல்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. நெல்லைப் பக்கம் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம் பார்க்கிற பையன்கள் உண்டு. 2023 மார்ச் 3, பெங்களூரு கன்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாக் அவுட். கூடுதல் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக். கேரளாக்காரர்கள் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். சட்டப்படி விசிலுக்குக் காத்திராமல் சட்டென்று அடிக்கலாம். நடுவர் பொறுத்திருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அடிக்கக் கூடாது. அன்று எது நடந்தது என்பதில்தான் தகராறு. பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை, 5 லட்சம் ரூபாய். அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அணியைக் கூட்டிக்கொண்டு போனபிறகு யாரும் ஃப்ரீ கிக்கைப் பற்றிப் பேசவில்லை, போனதைப் பற்றியே பேசினார்கள். இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் மீதி இருந்தது. ஒரு கோல் அடிக்க அது போதுமான நேரம்.

மறுபக்கம் ஆஞ்சே பொஸ்டெகோக்லு. 2023 நவம்பர் 6 அன்று இவருடைய டாட்டன்ஹாம், செல்சியிடம் 4–1 தோற்றது. இரண்டு பேர் சிவப்பு வாங்கினார்கள், கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின, வீடியோ பரிசோதனைக்காக ஆட்டம் நின்று நின்று போனது. கேட்டபோது அவர் சொன்னதன் சாரம்: நல்லதோ கெட்டதோ நடுவர் முடிவை ஏற்றுக்கொண்டு பழகியவன் நான், எல்லாரும் சேர்ந்து நடுவரின் அதிகாரத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோற்ற ராத்திரியில் இதைச் சொல்வதற்கு மனம் வேண்டும்.

லீட்ஸ் பயிற்சியாளராக இருந்த மார்செலோ பியெல்சா இன்னும் ஒரு படி மேலே போனவர். 2019 ஏப்ரல் 28, லீட்ஸ்–ஆஸ்டன் வில்லா. வில்லா வீரர் அடிபட்டுக் கிடக்க, நிறுத்தப்போகிற மாதிரிக் காட்டிவிட்டு லீட்ஸ் கோல் அடித்தது. சட்டப்படி அது கோல்தான். மைதானத்தில் கைகலப்பு. பியெல்சா தன் வீரர்களைப் பார்த்து, அவர்களுக்கு ஒரு கோல் விட்டுக் கொடுங்கள் என்று கத்தினார். அதையும் ஒரு வீரர் பொறுக்க முடியாமல் தடுக்கப் பார்த்தார். ஆட்டம் 1–1. அந்த முடிவோடு நேரடியாக மேல் டிவிஷனுக்குப் போகும் வாய்ப்பு லீட்ஸிடமிருந்து ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் போய்விட்டது.

பெரிய மைதானத்தில் பேசுகிற பேச்சு அங்கேயே நிற்பதில்லை. இங்கிலாந்தில் சின்ன லீக்குகளில் நடுவர்களை அடிக்கிற, திட்டுகிற சம்பவங்களைத் தடுக்க 2023-இல் சட்டையில் கேமரா மாட்டி அனுப்பிப் பார்த்தார்கள், மிடில்ஸ்பரோவில் தொடங்கி. நம் ஊரில் கேமரா கிடையாது, வீடியோ அறை கிடையாது. லைன் மேனே சில நாள் கிடையாது. இரண்டு அணியிலும் மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவர் கொடி பிடிப்பார். விசில் வைத்திருப்பவன் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற பையனாக இருப்பான். பாளையங்கோட்டை மைதானங்களில் அப்படிப்பட்ட ரெண்டு மூணு பேருக்கு நான் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் நல்ல கண் உள்ள ஒருவன், ஒரு ஆட்டத்தில் கோச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். முடிவைப் பற்றிய வார்த்தை இல்லை, அவன் வீட்டைப் பற்றியது.

அடுத்த வருடம் அதே கடலோர ஊர், அதே திருவிழா. இந்த முறை ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே இரண்டு கோச்சையும் இரண்டு கேப்டனையும் நடுவில் கூப்பிட்டேன். கையை உடம்போடு ஒட்டிக் காட்டினேன்: இது பட்டால் விடுவேன். தோளுக்கு மேலே விரித்துக் காட்டினேன்: இது பட்டால் ஊதுவேன். நடுவில் இருக்கிற கை என்றால் தூரத்தைப் பார்ப்பேன். பக்கத்திலிருந்து வந்த அடியா, பார்த்து நகர நேரம் இருந்ததா என்று. அண்ணாச்சி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கோட்டுக்குத் திரும்பிப் போனதும் பயலுகளை வட்டமாக நிறுத்தி, அதே மூன்று கையையும் அதே வரிசையில் அவர் தூக்கிக் காட்டுவது எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் பாதியில் அவருடைய பையன் ஒருவன் கையில் பந்து பட்டது, நடுவில் இருக்கிற கை. பத்துக் கெஜம் தள்ளியிருந்து வந்த பந்து, நகர நேரம் இருந்தது. ஊதினேன். அண்ணாச்சி எழுந்தார், தன் கையைப் பாதி தூக்கி ஒரு தடவை பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து ஒரு ஆஃப்சைடுக்குத்தான் திரும்ப எழுந்து வந்தார்.